மகளின் களுத்துறை நியமனம்

அன்பு மச்சான்,

உன் கடிதம் கிடைத்தது. மகளுக்குக் களுத்துறைப் பக்கம் சுகாதார வைத்திய அதிகாரியாக நியமனம் என்று வாசித்ததும் பெரிய சந்தோசம். நீயோ மழை, வெள்ளம், மண்சரிவு என்று கவலைப்படுகிறாய். என்னைக் கேட்டால் அந்த வேலையைப் பழக அதைவிட நல்ல இடம் இல்லை. 1926இல் அமெரிக்காவின் ரொக்பெல்லர் மன்றத்தின் உதவியோடு, ஒரு பகுதியின் சுகாதார வேலை முழுவதையும் ஒன்றாகப் பார்க்கும் நாட்டின் முதலாவது சுகாதார அலகைத் தொடங்கினது அங்கேதானே.

ஏன் அங்கே என்பது நிலத்தைப் பார்த்தால் விளங்கும். களு கங்கை சிவனொளிபாத மலைப் பக்கமிருந்து வந்து அங்கேதான் கடலில் விழுகிறது. கரையோரம் தென்னை, மரத்துக்கு மரம் கயிறு கட்டி இறங்காமலே கள்ளுச் சீவுவார்கள். உள்ளே போகப் போக இறப்பர், பள்ளமெல்லாம் வயல். இறப்பர் பால் விடியற்காலைக் குளிரில்தான் நன்றாக வடியும், அதனால் வெட்டுகிறவர்கள் இருட்டோடு மலைக்குப் போக வேண்டும், பட்டை நனைந்திருந்தால் வெட்டவே முடியாது, மழை பிடித்தால் சிரட்டைப் பாலும் போய்விடும்.

அந்தக் காலத்தில் காலில் செருப்பில்லை, கக்கூஸ் இல்லை, மரத்தடிதான். இறப்பர் நிழலில் மண் ஈரமும் வெதுவெதுப்புமாகவே இருக்கும், மண்ணில் இருந்து காலின் தோல் வழியே ஏறும் கொழுக்கிப்புழுவுக்கு வேறென்ன வேண்டும்? விரலிடுக்கில் ஒரு சொறி, பிறகு புழு குடலில் இருந்து இரத்தத்தைக் குடிக்க, ஆள் வெளிறிப்போய் மேடு ஏற மாட்டாமல் மூச்சு வாங்குவார். அவரைச் சோம்பேறி என்று ஏசினார்களே, அதுதான் எனக்கு இன்றைக்கும் ஆறாது.

1916இல் மாத்தளைத் தோட்டங்களில் தொடங்கின இயக்கம் புழுவுக்கு மருந்து கொடுத்தது. ஆனால் அதே மண்ணில் வெறுங்காலோடு நடந்தால் திரும்ப வரும். களுத்துறையில் கக்கூஸ், கிணறு, பிரசவம், பள்ளிக்கூடப் பிள்ளைகள் எல்லாவற்றையும் ஒரே வைத்திய அதிகாரியின் பொறுப்பில் விட்டார்கள். மருத்துவிச்சியும் சுகாதாரப் பரிசோதகரும் வீடு வீடாகப் போனார்கள். உன் மகள் செய்யப் போகிற வேலையும் அதேதான்.

இப்போது அங்கே எலிக்காய்ச்சல் பெரிய தொல்லை, எலியின் சிறுநீர் கலந்த வயல் தண்ணீரால் வருவது. வயலில் இறங்குகிறவர்களுக்கு முன்கூட்டியே டொக்சிசைக்கிளின் என்ற தடுப்பு மருந்து கொடுக்க வேண்டும், அதற்கு எந்த வயலை எப்போது உழுகிறார்கள் என்று தெரிந்திருக்க வேண்டும். கந்தோரில் இருந்தால் தெரியாது. முதல் மாதமே பரிசோதகரோடு வயல் வரப்பில் நடக்கச் சொல்லு, ஒரு நாள் விடியப் பால் வெட்டும் மலைக்கும் போகட்டும். அப்புறம், சிங்களம் நன்றாகப் பேசுவாளா? தோட்டத்து லயங்களில் தமிழ் போதும், வயல் பக்கம் சிங்களம் இல்லாமல் ஒன்றும் நடக்காது.

எப்போது பொறுப்பெடுக்கிறாள் என்று எழுது.

உன் நண்பன்