மரத்தோட பேர மட்டும் கேட்டு பலகை வாங்காதீங்க

அன்புள்ள ஆசிரியருக்கு வணக்கம்,

போன இதழ்ல ஃபர்னிச்சருக்கு எந்த மரம் நல்லதுன்னு ஒரு கட்டுரை வந்துச்சு. தேக்கு, ஓக், மஹோகனி, வால்நட்னு ஒவ்வொண்ணோட நிறம், ரேகை, உறுதி எல்லாம் அழகா எழுதியிருந்தாங்க, படங்களும் பிரமாதம். ஆனா அத படிச்சுட்டு ஒருத்தர் நேரா மரக்கடைக்குப் போனா ஏமாந்துதான் வருவாரு, ஏன்னா பலகை எவ்வளவு காஞ்சிருக்கு, மரத்துல எந்தப் பக்கமா அறுத்தது, இந்த ரெண்டப் பத்தி ஒரு வரி கூட அதுல இல்ல. மரவேலையே தொழிலா இருக்கறவன்ங்கறதால இத எழுதாம இருக்க முடியல.

உசந்த மரமாவே இருக்கட்டும், ஈரம் போகாத பலகைல மேசை செஞ்சா அது கோணிக்கும், இல்லன்னா வெடிக்கும். பச்ச மரத்துல ஈரம் (காஞ்ச மரத்தோட எடைல எத்தன சதவீதம்னு கணக்கு) சுமார் 30 சதவீதத்துக்குக் கீழ இறங்கறப்பதான் மரம் சுருங்கவே ஆரம்பிக்குது, அதுக்கு மேல எவ்வளவு தண்ணி போனாலும் அளவு பெருசா மாறாது. அதனால தொட்டுப் பாத்தா ஈரம் தெரியல, எடையும் குறைஞ்சிருக்கு, அப்ப காஞ்சிருச்சுன்னு நெனைக்கறது தப்பு, சுருங்க வேண்டியது மொத்தமும் இன்னும் பாக்கியா கூட இருக்கலாம். வீட்டுக்குள்ள வெக்கற சாமானுக்கு பொதுவா 8லேர்ந்து 12 சதவீதம் ஈரம் இருக்கற பலகை வேணும். காத்து ஈரப்பதம் 50 சதவீதமா இருக்கற எடத்துல மரம் 9 கிட்ட வந்து நிக்கும், 80 சதவீதம் இருந்தா 16 வரைக்கும் போயிடும். சூளைல, அதாவது மரத்த சூடு குடுத்து காய வெக்கற அறைல, காய வெச்ச பலகையா இருந்தாலும் ஈரமான ஷெட்ல மாசக்கணக்கா கெடந்தா திரும்ப தண்ணிய இழுத்துக்கும். அதனால "சூளைல காஞ்சதா"ன்னு கேட்டா மட்டும் பத்தாது, அதுக்கப்பறம் எங்க வெச்சிருந்தீங்கன்னும் கேக்கணும்.

ஈரம் அளக்கற மீட்டர் வெச்சிருக்கறவங்க பலகையோட மேல்பரப்புல மட்டும் வெச்சுப் பாத்துட்டு திருப்தியாயிடறாங்க. வெளில காஞ்சு உள்ள ஈரமா இருக்கற பலகை நெறைய உண்டு, தடிப்பலகைல இது ரொம்ப சகஜம். கடைக்காரர் ஒத்துக்கிட்டா முனைலேர்ந்து ஒரு அடி தள்ளி அறுத்து, அந்தப் புது வெட்டுல நடு எடத்துல வெச்சுப் பாருங்க. மீட்டரே இல்லன்னாலும் வழி இருக்கு. ஒரு சின்ன துண்ட அறுத்த உடனே எடை போட்டுட்டு, ஓவன்ல 103 டிகிரி செல்சியஸ்ல வெச்சு, இனி எடை குறையலங்கற வரைக்கும் காய வெச்சு திரும்ப எடை போடணும். மொதல்ல 56 கிராம், கடைசில 50 கிராம்னா போனது 6 கிராம், அத காஞ்ச எடையால வகுத்தா 12 சதவீதம். எந்த மீட்டரையும் விட இது நம்பகமானது.

அடுத்தது அறுப்பு. பலகைய வாங்கறவங்க பெரும்பாலும் மொகத்த, அதாவது அகலமான பக்கத்தப் பாக்கறாங்க, நான் மொதல்ல பாக்கறது முனைய. முனைல தெரியற மரத்தோட வளர்ச்சி வளையங்கள் பலகையோட அகலத்துக்கு நெட்டுக்குத்தா நின்னா அது ஆரத்தோட போக்குல, அதாவது மையத்துலேர்ந்து வெளிப்பக்கமா அறுத்தது, அகலம் கம்மியா மாறும், அகலவாக்குல வளைஞ்சு குழியறதும் கம்மி. வளையம் படுத்த மாதிரி வளைஞ்சு தெரிஞ்சா அது தட்டையா அறுத்தது, பூ ரேகை பாக்க அழகா இருக்கும், ஆனா அகலவாக்குல ஏறக்கொறைய ரெண்டு மடங்கு சுருங்கும். சிவப்பு ஓக்ல தட்டையா அறுத்த பலகைய ஒட்டி 3 அடி அகலத்துக்கு மேசை செஞ்சு, அதுல 4 சதவீதம் ஈரம் கொறஞ்சா அகலம் 1 சென்டிமீட்டருக்கு மேல போயிடும், நீளம் மட்டும் அசையாது. மேல்பலகைய கீழ சட்டத்தோட நாலு பக்கமும் பசை போட்டு இறுக்கிட்டீங்கன்னா அந்த 1 சென்டிமீட்டருக்கு எங்க எடம்? நடுவுல வெடிச்சுதான் எடம் பண்ணிக்கும்.

நடு மையம், அதாவது மரத்தோட சோத்தி, உள்ள மாட்டின பலகைய நான் எந்த விலைக்கும் எடுக்க மாட்டேன், காயறப்ப கண்டிப்பா அங்கேர்ந்து வெடிப்பு கெளம்பும். வெளிப்பக்க வெள்ளைக் கட்டையையும் கவனிக்கணும், அதுல மாவுச்சத்து இருக்கறதால வண்டுக்கு அதுதான் சாப்பாடு, குண்டூசி மொனை அளவு ஓட்டையும் அதுலேர்ந்து கொட்டற நைஸான தூளும் இருந்தா அந்தப் பலகைய வீட்டுப் பக்கமே கொண்டு வராதீங்க. வைரம் பாஞ்ச உள்பகுதில இந்தத் தொல்லை ரொம்ப அபூர்வம். சின்னக் கணு பரவால்ல, ஆனா கணுவ சுத்தி கறுப்பு வளையம் இருந்தா அது பின்னாடி கழண்டு விழலாம். முறுக்கு இருக்கான்னு பாக்க பலகைய கண்ணு மட்டத்துக்கு தூக்கி நீளவாக்குல பாருங்க. குழிவ இழைச்சு சரி பண்ணிடலாம், முறுக்க சரி பண்ணப் போனா பாதி தடிமன் போயிடும்.

கணக்கும் முக்கியம். 1 அங்குல தடிமன், 12 அங்குல அகலம், 12 அங்குல நீளம் இருந்தா அது ஒரு போர்டு அடி, அப்படி 12 சேந்தா ஒரு கன அடி. சொரசொரப்பா அறுத்த 1 அங்குலப் பலகைய ரெண்டு பக்கமும் இழைச்சா கைக்கு வர்றது முக்கா அங்குலம்தான், ஆனா காசு குடுக்கறது முழு அங்குலத்துக்கு. வேணுங்கற அளவ விட 20லேர்ந்து 30 சதவீதம் கூட வாங்கினாதான் வெடிப்பு, கணுவெல்லாம் வெட்டிக் கழிச்சது போக வேலைக்குப் பத்தும், அதையும் ஒரே மரத்துப் பலகையா பாத்து எடுத்தா நிறம் ஒத்துப்போகும். வாங்கிட்டு வந்ததும் பலகைங்களுக்கு நடுவுல ஒரே தடிமன் ரீப்பர, அதாவது மெல்லிசான மரச்சட்டத்த, ஒண்ணுக்கு மேல ஒண்ணு நேரா வர்ற மாதிரி வெச்சு, வேலை செய்யற எடத்துலயே ரெண்டு வாரமாவது அடுக்கி வெச்சிருங்க.

மரவேலை கத்துக்கறவங்க நெறைய பேரு உங்க இதழ படிக்கறாங்கன்னு தெரியும். அதனால அடுத்த கட்டுரைல மரத்தோட மொகத்துக்கு பதிலா பலகை முனையோட படங்கள பெருசா போட்டு, எது எப்படி அறுத்ததுன்னு பக்கத்துல எழுதுங்கன்னு கேட்டுக்கறேன்.

இப்படிக்கு,
மரவேலை செய்யற ஒரு வாசகர்