காத்தா நகல்

உல்சூர்,
ஞாயிறு ராத்திரி

அன்புள்ள தம்பிக்கு,

இங்கே எல்லாரும் சௌக்கியம். அம்மாவுக்கு முட்டிவலி தேவலை. புதன்கிழமை போனில் வீட்டுக் காத்தா (மாநகராட்சிச் சொத்துப் பதிவு) நகல் கேட்டாயாம். எதற்கு என்று அம்மா கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. பார்லிமென்ட் எலெக்‌ஷனில் நிற்கப்போகிறாய் என்பதே அக்கா சொல்லித்தான் தெரியும். தேர்தல் பிரிவில் குப்பை கொட்டின அப்பனிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். போகட்டும், தெரிந்ததை எழுதுகிறேன்.

முதலில் உன் ஓட்டைச் சரிசெய். பட்டாளத்தில் இருந்தவரை நீ சர்வீஸ் வாக்காளர், பட்டியலின் கடைசிப் பாகத்தில் பெயர் இருக்கும். டிஸ்சார்ஜ் ஆனவனுக்கு அது ஆகாது. படிவம் 6 கொடுத்துப் பொதுப் பட்டியலுக்கு வா. புனாவில் ஓட்டு வைத்துக்கொண்டும் இங்கே மக்களவைக்கு நிற்கலாம். ஆனால் அந்தப் பட்டியலின் சான்றிட்ட நகலைக் காட்டவேண்டும். மனுப் பரிசீலனை அன்று அது இல்லாமல் முழிக்கிறவர்கள் உண்டு.

அங்கீகாரம் பெற்ற கட்சி சீட்டு கொடுத்தால் முன்மொழிய ஒருவர் போதும். நீதான் வேட்பாளர் என்று கட்சி தரும் ஏ, பி படிவங்கள் மனுத்தாக்கலின் கடைசி நாள் 3 மணிக்குள் வந்துவிடவேண்டும், கையெழுத்து மையில் இருக்கவேண்டும். சுயேச்சை என்றால் 10 பேர், பத்துப் பேரும் அதே தொகுதி வாக்காளர்கள். உன் சினேகிதர்களில் பாதிப் பேர் புலிகேசி நகர். அது பெங்களூரு வடக்கு, நம்ம தெரு பெங்களூரு மத்தி. ஒருத்தர் பிசகினாலும் மனு போச்சு. 4 செட் வரை தாக்கல் செய்யலாம், செட்டுக்குச் செட் வேறு ஆட்களை வை. டெபாசிட் ஒரே 25,000-தான். செல்லுபடியான ஓட்டு 12 லட்சம் என்றால் 2 லட்சத்துக்கு மேல் வாங்கினால்தான் அது திரும்பி வரும்.

சொத்து, கடன், வழக்கு எல்லாம் சொல்லும் பிரமாணப் பத்திரம், படிவம் 26-தான் ஆளைக் கவிழ்ப்பது. ஒரு கட்டத்தையும் காலியாக விடாதே. இல்லையென்றால் 'இல்லை' என்று எழுது. காலிக் கட்டத்தை நிரப்பச் சொல்லி அதிகாரி நோட்டீஸ் கொடுத்தும் நிரப்பாவிட்டால் தள்ளலாம் என்று 2013-ல் சுப்ரீம் கோர்ட்டே சொல்லிவிட்டது. கடந்த 10 வருஷத்தில் அரசுக் குவார்ட்டர்ஸில் இருந்திருந்தால் வாடகை, கரண்ட், தண்ணீர், டெலிபோன் நாலுக்கும் பாக்கி இல்லை என்ற சான்று வேண்டும். உனக்கு எத்தனை ஸ்டேஷன்! குவார்ட்டர்ஸைப் பார்த்துக்கொள்ளும் ராணுவப் பொறியியல் பிரிவு எம்.இ.எஸ்.ஸுக்கு இப்போதே எழுதிப்போடு. மனுத்தாக்கல் வாரத்தில் ஓடினால் கிடைக்காது.

அதே படிவத்தில் மருமகளின் பான் எண், நகை, ஐந்து வருஷ வருமானம் எல்லாம் வரும். வீடு, நிலம் இருந்தால் வாங்கிய தேதி, இன்றைய மதிப்பு. கடனுக்குத் தனிக் கட்டம், யாரிடம், எவ்வளவு, பாக்கி எவ்வளவு என்று. தேர்தல் கமிஷன் இதை இணையதளத்தில் போட்டுவிடும், யார் வேண்டுமானாலும் படிக்கலாம். மருமகளும் படிக்கலாம். அவளுக்குத் தெரியாத தொகை எதுவும் அந்தக் கட்டத்தில் இருக்கக்கூடாது.

செலவுக்குத் தனி பேங்க் கணக்கு, மனுத்தாக்கலுக்கு முந்தின நாளாவது திறந்திருக்கவேண்டும். ஒரே ஆளுக்கு 10,000-க்கு மேல் ரொக்கம் கூடாது. தினக்கணக்கு வெள்ளைத் தாளில், ரொக்கம் ரோஸ் தாளில், பேங்க் மஞ்சள் தாளில். முடிவு வந்து 30 நாளுக்குள் கணக்கு கொடுக்காதவனுக்கு 3 வருஷம் தடை விழும். இங்கே உச்சவரம்பு 95 லட்சம். அது வரம்புதான். அவ்வளவு செலவழித்தே ஆகவேண்டும் என்று எந்தச் சட்டத்திலும் இல்லை.

போஸ்டரில் யூனிபார்ம் படம் வேண்டாம். படையினர் படத்தைப் பிரசாரத்துக்குப் பயன்படுத்தாதே என்று கமிஷன் 2013 டிசம்பரில் சொன்னது, 2019 மார்ச்சில் திரும்பவும் சொன்னது. வயநாடு நிலச்சரிவின்போது சூரல்மலையில் 2024-ல் 190 அடி பெய்லி இரும்புப் பாலத்தை ஒன்றரை நாளுக்குள் போட்டது உங்கள் மெட்ராஸ் சாப்பர்ஸ் படைப்பிரிவு. டி.வி.யில் பார்த்தபோது தெருவையே கூப்பிட்டுக் காட்டினேன், நம்ம தம்பிகள் என்று. அந்தப் பெருமை வேறு, ஓட்டு வேறு. ராஜேஷ் பைலட் 1980-ல் பரத்பூர், கந்தூரி 1991-ல் கட்வால், வி.கே. சிங் 2014-ல் காசியாபாத், கேப்டன் சௌடா 2024-ல் தட்சிண கன்னடா. ஜெயித்த இத்தனை பேரும் படையில் அதிகாரிகளாக இருந்தவர்கள், இத்தனை பேருக்கும் கட்சிச் சின்னம் இருந்தது. ஏர் டெக்கான் விமானக் கம்பெனி தொடங்கிய கேப்டன் கோபிநாத் ஊரறிந்த மனிதர், 2009-ல் பெங்களூரு தெற்கில் சுயேச்சையாக நின்று தோற்றார். நீ சுபேதார். குறைத்துச் சொல்லவில்லை, கணக்குச் சொல்கிறேன்.

பென்ஷனில் பாதியைக் கம்யூட் செய்து மொத்தப் பணமாக வாங்கிவிட்டாய். அது முழுசாகத் திரும்ப 15 வருஷம். பாப்பா காலேஜ் அதற்குள் வந்துவிடும். கடன் கட்டத்தை மறக்காதே. ஒரு கட்டத்தையும் காலியாக விடாதே.

அக்கா கல்யாணத்துக்கு அம்மாவின் ரெட்டைவடச் சங்கிலியை அவளிடம் சொல்லாமல் அடகு வைத்தேன். மூழ்கிவிட்டது. அவளாகத்தான் தெரிந்துகொண்டாள். இன்றுவரை ஒரு வார்த்தை கேட்டதில்லை. கேட்டிருந்தால் தேவலை என்று இருக்கிறது.

வீட்டை உன் பேருக்கு எழுதினது எழுதினதுதான், அதில் எனக்கு மறுபேச்சில்லை. காத்தா நகல் இரண்டு எடுத்து வைத்திருக்கிறேன். தபாலில் போடவா, மருமகளோடு வந்து வாங்கிக்கொள்கிறாயா, எழுது.

அப்பா