தனியறைக் கதவுக்கு வெளியேயும் பூஞ்சை இருக்கிறது

எலும்பு மஜ்ஜை மாற்று சிகிச்சைப் பிரிவு நடத்தும் மருத்துவமனை நிர்வாகிகளுக்கு,

வணக்கம். தொற்றை எதிர்க்கும் நியூட்ரோஃபில் வெள்ளணுக்கள் மைக்ரோலிட்டருக்கு 500-க்குக் கீழே கிடக்கும் வாரங்களில் நோயாளியைக் கண்ணுக்குள் வைத்துப் பார்க்கிறீர்கள். அணுக்கள் ஏறியதும் பொது வார்டு, பிறகு வீடு. காற்றில் வந்து நுரையீரலைத் தாக்கும் ஆஸ்பர்ஜில்லஸ் பூஞ்சையின் இரண்டாவது அலை அதற்குப் பிறகுதான் வருகிறது.

கொடையாளரின் செல்கள் நோயாளியின் உடலையே தாக்கும் ஜிவிஹெச்டி தலைகாட்டினால், கிலோவுக்கு 1 மில்லிகிராமோ கூடுதலாகவோ பிரெட்னிசோலோன் ஸ்டீராய்டு கொடுக்கிறோம். வெள்ளணு எண்ணிக்கை சரியாகவே இருக்கும். பூஞ்சையைக் கொல்லும் வலு இருக்காது. அப்போதும் பழைய மருந்துச்சீட்டில் ஃப்ளூகோனசோல் என்ற பூஞ்சைத் தடுப்பு மருந்தே தொடர்வதுதான் அடிக்கடி நடக்கும் பிழை. அது கேண்டிடா என்ற ஈஸ்ட் பூஞ்சையில் பல வகைகளைத் தடுக்கும், ஆஸ்பர்ஜில்லஸிடம் பலிக்காது. ஸ்டீராய்டு எழுதும் அன்றே, ஆஸ்பர்ஜில்லஸையும் தடுக்கும் போசகோனசோல் எழுதப்பட வேண்டும்: முதல் நாள் 300 மில்லிகிராம் இருவேளை, பிறகு தினம் ஒருவேளை. எதிர்ப்பாற்றலை அடக்கும் டாக்ரோலிமஸ் மருந்தின் இரத்த அளவை அது ஏற்றிவிடும். அதனால் கூடவே டாக்ரோலிமஸைச் சுமார் மூன்றில் ஒரு பங்காகக் குறைத்து, இரத்த அளவைப் பார்த்துத் திருத்த வேண்டும். குறைக்க மறந்தால் சிறுநீரகம் அடிவாங்கும். குடல் ஜிவிஹெச்டியில் வயிற்றுப்போக்கு இருந்தால் மாத்திரை சரியாக உறிஞ்சப்படாது. ஒரு வாரத்தில் போசகோனசோல் அளவு மில்லிலிட்டருக்கு 0.7 மைக்ரோகிராமைத் தாண்டியதா என்று பார்த்தே ஆக வேண்டும். அந்தப் பரிசோதனை முடிவு நாட்கணக்கில் தாமதமாவதைச் சரிசெய்வது உங்கள் கையில்தான் இருக்கிறது.

சிடி ஸ்கேனும் அப்படித்தான். ஆன்டிபயாடிக் கொடுத்தும் நான்கு நாள் காய்ச்சல் விடவில்லை என்றால், மார்பு எக்ஸ்ரே சுத்தமாக இருப்பதை நம்பக் கூடாது. நுரையீரலில் பூஞ்சை உண்டாக்கும் முடிச்சைச் சுற்றிய மங்கலான வளையம் சிடியில்தான் தெரியும். பெரும்பாலும் ஒரு வாரத்துக்குள் மறைந்தும் போகும். வளையம் தலைகீழாக இருந்தால், அதாவது நடுப்பகுதி மங்கலாகவும் விளிம்பு அடர்த்தியாகவும் தெரிந்தால், மியூகர் என்ற வேறொரு பூஞ்சையை நினைக்க வேண்டும். ஆஸ்பர்ஜில்லஸைக் கண்டறியும் கேலக்டோமன்னான் பரிசோதனை அதைக் காட்டாது, ஆஸ்பர்ஜில்லஸுக்குத் தரும் வோரிகோனசோல் மருந்து அதற்கு வேலை செய்யாது. லிபோசோமல் ஆம்போடெரிசின் கிலோவுக்கு 5 மில்லிகிராம் அன்றே ஏற வேண்டும். மருந்தகத்தில் இருப்பு இல்லையென்றால் அந்த நாள் வீண்.

காற்றைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். நுண்தூசியையும் பிடிக்கும் ஹெபா வடிகட்டி, மணிக்கு 12 முறை காற்று மாற்றம், வராந்தாவைவிட 2.5 பாஸ்கலாவது கூடுதல் அழுத்தம் என எல்லாம் காகிதத்தில் இருக்கும். மூடிய கதவின் அடியிடுக்கில், வெளிப்பக்கம் ஒரு டிஷ்யூ காகிதத் துண்டைப் பிடித்துப் பாருங்கள். அது வராந்தாப் பக்கம் படபடக்க வேண்டும். அறைக்குள் இழுபட்டால் வராந்தாத் தூசியும் உள்ளே போகிறது. மின்வயர் மாற்ற ஃபால்ஸ் சீலிங் பலகை ஒன்றைத் தூக்கினாலே பூஞ்சை வித்துகள் கொட்டும். அந்த வேலைக்கு முன் மாற்று சிகிச்சைப் பிரிவின் கையொப்பம் கட்டாயம் என்று ஆணை பிறப்பியுங்கள். கட்டட வேலை நடக்கும் வழியாக நோயாளியை ஸ்கேனுக்குத் தள்ளிச் செல்வதை இன்றே நிறுத்துங்கள்.

இப்படிக்கு,
மாற்று சிகிச்சைப் பிரிவு மருத்துவர்கள், செவிலியர்கள்