டிக் மட்டும் போதாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கிடங்குப் பாதுகாப்பு பற்றி உங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். ஹெல்மெட், காலணி, தீயணைப்பான் எல்லாவற்றுக்கும் இடம் ஒதுக்கிவிட்டு, சரக்கைத் தூக்கி நகர்த்தும் ஃபோர்க்லிஃப்ட் வண்டியைத் தினமும் பரிசோதிக்க வேண்டும் என்று ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். ஃபோர்க்லிஃப்ட் ரிப்பேர்தான் என் பிழைப்பு. அதனால் அந்த வரியைக் கொஞ்சம் நீட்டலாம் என்று தோன்றியது.

காகிதத்தில் பார்த்தால் தினசரிப் பரிசோதனை நடக்காத இடமே இல்லை. செக்லிஸ்டை வாங்கிப் பார்த்தால் வாரம் முழுக்க ஒரே பேனா, ஒரே சாய்வில் டிக். நாளைய தேதிக்கும் டிக் விழுந்திருப்பதைப் பார்த்திருக்கிறேன்!

ஒழுங்காகச் செய்தால் பத்து நிமிடத்துக்குள் முடிகிற வேலை. வண்டியை ஸ்டார்ட் செய்யும் முன் ஒரு சுற்று: கீழே எண்ணெய் சொட்டியிருக்கிறதா, டயர், சக்கர நட்டு, செயின், எவ்வளவு எடை தூக்கலாம் என்று சொல்லும் தகடு. அப்புறம் ஸ்டார்ட் செய்து பிரேக், ஹேண்ட் பிரேக், ஹாரன், ஸ்டியரிங், சுமையைத் தூக்கும் லிஃப்ட், முன்னும் பின்னும் சாய்க்கும் டில்ட்.

இதில் பலரும் குனிந்து பார்க்காத இடம், சுமையைத் தாங்கும் இரும்புக் கரமான ஃபோர்க்கின் வளைவு. ஹீல் என்போம். சுமையின் அழுத்தம் அங்கேதான் அதிகம். விரிசலும் பெரும்பாலும் அங்கேதான் தொடங்கும். தரையில் உரசி உரசி அதன் தடிமன் 10 சதவீதம் குறைந்துவிட்டால் ஃபோர்க்கை மாற்றியே ஆக வேண்டும். “பத்து சதவீதம்தானே?” என்பார்கள். ஃபோர்க்கின் வலிமை தடிமனின் வர்க்கத்தைப் பொறுத்தது. பத்து தேய்ந்தால் தாங்கும் திறனில் ஏறக்குறைய 20 சதவீதம் போய்விடும்.

அழுத்தத்தோடு எண்ணெய் ஓடும் ஹைட்ராலிக் ஹோஸில் கசிவு இருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்க்கிறவர்களும் உண்டு. தயவுசெய்து வேண்டாம். ஊசித்துளையிலிருந்து பீய்ச்சும் எண்ணெய் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். வெளியே சின்னப் புள்ளிதான் தெரியும். உள்ளே சதை அழுகி விரலையே எடுக்க வேண்டி வரலாம். ஒரு அட்டைத் துண்டை நீட்டிப் பார்த்தால் போதும்.

சரி, ஓட்டுநர்கள் ஏன் பார்க்காமலே டிக் அடிக்கிறார்கள்? சோம்பேறித்தனம் என்று சொல்வது சுலபம். நான் அப்படி நினைக்கவில்லை. ஒரு கிடங்கில் பழைய தாள்களைப் புரட்டினேன். ‘ஹேண்ட் பிரேக் பிடிக்கவில்லை’ என்று ஒருவர் சில நாட்கள் விடாமல் எழுதியிருந்தார். அதற்குப் பிறகு டிக். பிரேக்கை யாரும் சரிசெய்யவில்லை, எழுதியவர்தான் ஓய்ந்துவிட்டார். “லோடு நிக்குது, இன்னைக்கு மட்டும் ஓட்டுப்பா” என்று சூப்பர்வைசர் சொன்னால் அவர் என்ன செய்வார்?

அமெரிக்காவில் வேலையிடப் பாதுகாப்பைக் கவனிக்கும் அரசு அமைப்பான ஓஷாவின் விதி இதில் தெளிவு. தினமும், இரவு பகலாக ஓடும் வண்டி என்றால் ஒவ்வொரு ஷிஃப்ட் முடிந்ததும், பரிசோதிக்க வேண்டும். குறை கண்டால் உடனே தெரிவித்துச் சரிசெய்ய வேண்டும். பாதுகாப்பில்லாத வண்டி வேலைக்குப் போகவே கூடாது. இந்தக் கடைசிப் பகுதிதான் நடைமுறையில் காணாமல் போகிறது. குறையைக் கண்டவரே சாவியை உருவி, வண்டியில் ‘ஓட்டாதே’ அட்டையை மாட்ட அதிகாரம் வேண்டும். மெக்கானிக் கையெழுத்துப் போடும்வரை அதை மேலாளரே கேட்டாலும் எடுக்கக் கூடாது.

அடுத்த முறை உங்கள் நிருபர் ஒரு கிடங்குக்குப் போனால், டிக் போட்ட தாள்களைக் கேட்க வேண்டாம். குறை எழுதிய தாள்களைக் கேட்கட்டும். எதிரே பழுது நீக்கிய தேதி இருக்கிறதா என்றும் பார்க்கட்டும்.

இப்படிக்கு,
ஃபோர்க்லிஃப்ட் மெக்கானிக் ஒருவர்