கொடுங்கையூர் பிளான்ட்ட திட்டுறதுக்கு முன்னாடி

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்,

நான் வியாசர்பாடிக்காரன், வயசு அறுபதை நெருங்குது. எங்க பக்கம் சாயங்காலம் காத்து திரும்புனா ஒரு கப்பு அடிக்கும், உடனே எல்லாரும் சொல்றது கொடுங்கையூர் கழிவுநீர் பிளான்ட்டுதான். அங்கயே ஒரு குப்பை மேடும் இருக்கேன்னு யாருக்கும் ஞாபகம் வராது. நானும் வருஷக்கணக்கா அப்படித்தான் திட்டிட்டு இருந்தேன்.

போன மாசம் வீட்டு பாத்ரூம் அடைச்சிக்கிச்சு. பிளம்பர் தம்பி தோண்டிப் பாத்துட்டு "ஐயா, உங்க லைன் ட்ரைனேஜ்லயே இல்ல, மழைநீர் கால்வாய்ல விட்டு வெச்சிருக்காங்க"ன்றான். வீடு கட்டுனப்ப எவனோ இதுதான் கிட்டன்னு சொருவிட்டுப் போயிருக்கான். அதாவது இத்தனை வருஷமா எங்க வீட்டு கழிவு அந்த பிளான்ட் வாசல மிதிக்கவே இல்ல, நேரா கேப்டன் காட்டன் கால்வாய், அங்கேருந்து பக்கிங்காம், அப்புறம் எண்ணூர் முகத்துவாரம். எங்க மச்சான் எண்ணூர்ல இறால் பிடிக்கிறவரு. அவருகிட்ட இத சொல்ல எனக்கு வாயே வரல.

கழிவுநீர் பிளான்ட் வேலைல இருந்து ரிட்டயர்ட் ஆன தெரிஞ்சவர் ஒருத்தர்கிட்ட அப்புறம்தான் போயி உக்காந்து கேட்டேன். அவரு கொளத்தூர்ல வாங்குன மீன் தொட்டிய வெச்சி புரிய வெச்சாரு. கரண்ட் போயி காத்து மோட்டார் நின்னா மீனெல்லாம் மேல வந்து வாய திறக்கும்ல, கால்வாய்லயும் அதே கதைதான். கழிவு போயி விழுந்ததும் அத தின்ன கிருமிங்க கோடிக்கணக்குல பெருகி தண்ணில இருக்குற ஆக்சிஜன மொத்தமா இழுத்துக்கும், மீனுக்கு மூச்சு இல்ல, தண்ணி கருத்துப்போயி அழுவுன முட்ட நாத்தம் வருது. பிளான்ட்ல நடக்குறதும் இந்த தின்ற வேலைதான், ஆனா தொட்டிக்குள்ள. முதல்ல கம்பி சல்லடைல துணி, பிளாஸ்டிக் நிக்கும், அப்புறம் மணல், சகதி அடில தங்கும், அதுக்கப்புறம் பெரிய தொட்டில ராத்திரி பகலா காத்து அடிச்சி கிருமிங்கள தின்ன விட்டு, அடுத்த தொட்டில அந்த கிருமி சகதிய படிய வெச்சி அதுல ஒரு பங்க திரும்பவும் காத்து தொட்டிக்கே அனுப்புவாங்களாம், ஏன்னா அதுங்கதான் வேலைக்காரங்க! நல்லா ஓடுற பிளான்ட்ல லிட்டருக்கு 250, 300 மில்லிகிராம்னு வர்ற பிஓடி 20க்கு கீழ இறங்கிடும். பிஓடின்னா அந்த அழுக்க தின்ன எவ்ளோ ஆக்சிஜன் பிடிக்கும்ங்கிற கணக்கு.

கொடுங்கையூர்ல அப்படி சுத்தம் பண்ண தண்ணிலயே ஒரு பங்க 2019லேருந்து ஆர்ஓ வரைக்கும் சுத்தம் பண்ணி நாளைக்கு 4.5 கோடி லிட்டர் வரைக்கும் மணலி பக்கத்து தொழிற்சாலைங்களுக்கு அனுப்ப வசதி பண்ணியிருக்காங்க. அவ்ளோ நல்ல தண்ணி ஊருக்கு மிச்சம், இத யாரும் பேச மாட்டேங்குறாங்க.

ஆனா எண்ணூருக்கு எண்ணெய், சாம்பல்னு வேற தலைவலியும் இருக்கு, அதையெல்லாம் இந்த பிளான்ட் பாத்துக்காது. அப்புறம் மழை வந்தா நம்ம ஆளுங்க ரோட்டு தண்ணி வடியட்டும்னு ட்ரைனேஜ் மூடிய தூக்கி விட்டுடுறாங்க. அந்த வெள்ளம் மொத்தமா பிளான்ட்டுக்கு போனா தொட்டில இருக்குற கிருமி சகதியே அடிச்சிட்டு வெளிய போயிடும், திரும்ப வளர நாளாகும். மழைத்தண்ணி ட்ரைனேஜ்ல, ட்ரைனேஜ் தண்ணி மழைநீர் கால்வாய்ல, ரெண்டையும் மாத்தி விட்டுட்டு பிளான்ட்ட குத்தம் சொன்னா எப்படி?

ஒரே ஒரு வேண்டுகோள். தெருவுல புதுசா மழைநீர் வடிகால் போடும்போதே மாநகராட்சியும் மெட்ரோ வாட்டரும் சேந்து வந்து வீட்டுக்கு வீடு டாய்லெட்ல கலர் தண்ணி ஊத்தி அது எந்த மூடில வருதுன்னு பாத்துடட்டும். எங்க லைன நான் மாத்திட்டேன், ரோடு வெட்ட பர்மிஷன் வாங்கத்தான் நாலு தடவ அலைஞ்சேன். மாத்துறேன்னு தானா வர்றவங்களுக்காவது அந்த அலைச்சல கொறைங்க, ஏன்னா எங்க தெருவுலயே இன்னும் ஆறேழு வீடு அப்படித்தான் இருக்கும்னு பிளம்பர் சொல்றான்.

இப்படிக்கு,
வியாசர்பாடி வாசகர்