ரோனி சைஸும் அவருடைய கூட்டமும்

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழில் பிரிட்டிஷ் இசைக்கலைஞர் ரோனி சைஸ் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். டிரம் அண்ட் பேஸ் என்ற மின்னணு நடன இசைக்கு ஒரு தமிழ் இதழ் முழுசாக இரண்டு பக்கம் ஒதுக்கியதே பெரிய விஷயம், அதற்கு முதலில் நன்றி. ஆனால் பள்ளியை விட்டுத் துரத்தப்பட்ட ஒரு பையன் தன்னந்தனியாக மெஷின் முன்னால் உட்கார்ந்து 1997இல் பிரிட்டனின் சிறந்த ஆல்பத்துக்கான மெர்க்குரி விருதுப் போட்டியில் ரேடியோஹெட் என்ற ராக் குழுவை வீழ்த்தினான், அதன்பின் மங்கிப்போனான் என்று கதை முடிந்துவிடுகிறது. இந்தக் கதையில் பாதி ஆட்களைக் காணோம்.

ரயன் வில்லியம்ஸ் என்ற ரோனி சைஸ் 1969இல் பிரிஸ்டலில் பிறந்தவர். பெற்றோர் ஜமைக்காவிலிருந்து வந்து குடியேறியவர்கள். 16 வயதில் பள்ளியிலிருந்து வெளியேற்றப்பட்டது உண்மைதான். அப்புறம் அவர் போய்ச் சேர்ந்த இடம் கட்டுரையில் இல்லை. பேஸ்மென்ட் புராஜெக்ட் என்ற இளைஞர் மையம் அது. இசைக் கருவிகளை அங்கேதான் தொட்டுப் பழகினார். 80களில் ஒரு சாம்ப்ளரின் (ஒலித் துண்டுகளைப் பதிந்து, மாற்றி வாசிக்கும் கருவி) விலை சாதாரணக் குடும்பத்துப் பையனுக்குக் கைக்கு எட்டாதது. யாரோ ஒருவர் வாங்கி வைத்து, "வந்து தட்டிப் பார்" என்று கதவைத் திறந்துவிட்டால்தான் உண்டு. பின்னாளில் மெர்க்குரி விருதின் பரிசுப் பணத்தை அவர் அந்த மையத்துக்கே கொடுத்துவிட்டார். ரேடியோஹெட் தோற்றதற்கு ஒரு பத்தி ஒதுக்கிய கட்டுரையாளர் இதற்கு ஒரு வரியாவது ஒதுக்கியிருக்கலாம்.

ஊரும் முக்கியம். பிரிஸ்டலில் ஜமைக்காக்காரர்கள் கொண்டுவந்த சவுண்ட் சிஸ்டம் பழக்கம் வேர் விட்டிருந்தது. ஆளுயர ஸ்பீக்கர் பெட்டிகளை அடுக்கி, நெஞ்சில் மோதும் பேஸ் (கீழ்ஸ்தாயி) சத்தத்தோடு தெருவையே ஆடவைக்கும் கூட்டங்கள். வைல்ட் பன்ச் என்ற அப்படியொரு கூட்டத்திலிருந்துதான் மாசிவ் அட்டாக் குழு வந்தது. ஃப்ரெஷ் ஃபோர் என்ற இன்னொரு பிரிஸ்டல் குழுவின் பாட்டு 1989இல் பிரிட்டனில் ஹிட் ஆனது. அந்தக் குழுவில் இருந்த க்ரஸ்ட், சுவ் இருவரும் பிறகு ரோனி சைஸோடு சேர்ந்தார்கள். டை என்பவரும் வந்தார். 1993இல் ரோனி சைஸும் க்ரஸ்ட்டும் ஃபுல் சைக்கிள் என்ற சொந்த லேபிளை, அதாவது இசை வெளியீட்டு நிறுவனத்தை, தொடங்கினார்கள். லண்டனில் பிரையன் ஜீ, ஜம்பின் ஜாக் ஃப்ராஸ்ட் இருவரும் நடத்திய வி ரெக்கார்டிங்ஸ் இவர்களுடைய இசைத்தட்டுகளை வெளியிட்டு வெளியுலகத்துக்குக் கொண்டுபோனது. "தனி ஆள்" என்று சொல்ல இதில் இடம் எங்கே இருக்கிறது?

சரி, இசைக்கு வருவோம். டிரம் அண்ட் பேஸை "வேகமான மெஷின் தாளம்" என்று கட்டுரை ஒரே மூச்சில் தள்ளிவிடுகிறது. பழைய சோல், ஃபங்க் தட்டுகளில் மற்ற வாத்தியங்கள் நின்று டிரம்ஸ் மட்டும் ஒலிக்கும் சில விநாடிகளை எடுத்து, சாம்ப்ளரில் துண்டு துண்டாக வெட்டி, வேகத்தைக் கூட்டி, வேறு வரிசையில் அடுக்குவதுதான் இதன் அடிப்படை. நிமிடத்துக்கு 170 அடிகளை ஒட்டி ஓடும். பேஸ் அதில் பாதி வேகத்தில்தான் நடக்கும். கச்சேரி கேட்டுப் பழகியவர்களுக்கு எளிதாகச் சொன்னால், பேஸ் முதல் காலத்தில், டிரம்ஸ் இரண்டாம் காலத்தில். கேட்பவருக்கு எதைப் பிடித்துக்கொண்டு ஆடுவது என்ற சுதந்திரம் கிடைக்கிறது.

இந்தத் துண்டுகளில் மிகவும் பிரபலமானது வின்ஸ்டன்ஸ் குழு 1969இல் பதிவு செய்த ஒரு பாட்டின் ஏழு விநாடிக்கும் குறைவான டிரம்ஸ். ஆயிரக்கணக்கான பாடல்களில் அதை எடுத்தாண்டிருக்கிறார்கள். அதை வாசித்தவர் கிரெகரி கோல்மன். அதற்காக அவருக்கு ராயல்டி எதுவும் வரவில்லை, 2006இல் வறுமையில் இறந்தார். மெஷினுக்குள்ளும் யாரோ ஒரு மனிதரின் கை இருக்கிறது என்பதால்தான் "மெஷின் தாளம்" என்ற சொல் எனக்கு உறுத்துகிறது.

ரோனி சைஸ் செய்த புதுமை இங்கேதான் தொடங்குகிறது. மற்றவர்கள் பழைய தட்டுகளிலிருந்து மனிதக் கைகளை மெஷினுக்குள் கொண்டுவந்தார்கள். அவர் மெஷினுக்குள் உருவான இசையைத் திரும்பவும் மனிதர்களிடம் கொடுத்தார். அதற்காகக் கூடியதுதான் ரெப்ரசென்ட் குழு. ஓனலி பாடினார், டைனமைட் எம்சி மைக் பிடித்து ராப் செய்தார், சை ஜான் டபுள் பாஸ் என்ற ஆளுயரத் தந்திக் கருவியை வாசித்தார், கிளைவ் டீமர் டிரம்ஸில் உட்கார்ந்தார். வெட்டி ஒட்டிய தாளத்தை ஒரு மனிதர் அதே வேகத்தில் மேடையில் வாசிப்பது லேசுப்பட்ட காரியமா! 'பிரவுன் பேப்பர் பேக்' பாட்டை இதுவரை கேட்காதவர்கள் ஒருமுறை நல்ல ஹெட்ஃபோனில் கேளுங்கள். அவசரமே இல்லாமல் டபுள் பாஸ் தன் பாட்டுக்குப் பேசிக்கொண்டிருக்கும், தாளம் பின்னால்தான் வந்து சேரும். ஜாஸ் மேடையில் கேட்க வேண்டிய கருவியை நடன அரங்கின் நட்ட நடுவே கொண்டுவந்து வைத்துவிட்டார்கள். (செல்போன் ஸ்பீக்கரில் கேட்டால் பாதிப் பாட்டு காணாமல் போய்விடும், அதற்கு நான் பொறுப்பில்லை.)

1997இல் வந்த 'நியூ ஃபார்ம்ஸ்' ஆல்பம் அந்த வருட மெர்க்குரி விருதை வாங்கியது. போட்டியில் ரேடியோஹெட்டின் 'ஓகே கம்ப்யூட்டர்' இருந்தது, பிராடிஜி இருந்தார்கள், ஸ்பைஸ் கேர்ள்ஸும் இருந்தார்கள். "அதிர்ச்சி முடிவு" என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்கு 'ஓகே கம்ப்யூட்டர்' உயிர். ஆனாலும் நடுவர்கள் தவறு செய்தார்கள் என்று நினைக்கவில்லை. கிடார் குழு எப்படி ஒலிக்க வேண்டும் என்பதற்கு ஏற்கெனவே நீண்ட மரபு இருந்தது. டிரம் அண்ட் பேஸை ஒரு குழுவாக நின்று நேரடியாக வாசிப்பதற்கு அப்போது ஏது மரபு? இதில் ஒரு வேடிக்கை: அதே கிளைவ் டீமர்தான் 2011 முதல் ரேடியோஹெட்டின் மேடைகளில் இரண்டாவது டிரம்மராக வாசித்தார்.

அடுத்தது "மங்கிப்போனார்". 1999இல் டை, பாடகி லியோனி லாஸ் ஆகியோருடன் பிரேக்பீட் எரா என்ற பெயரில் ஒரு ஆல்பம். 2000இல் ரெப்ரசென்ட்டின் 'இன் த மோட்', அதில் ராப் பாடகர் மெத்தட் மேனும் ரேஜ் அகெய்ன்ஸ்ட் த மெஷின் என்ற ராக் குழுவின் ஸாக் டி லா ரோச்சாவும் குரல் கொடுத்தார்கள். தொடர்ந்து 2002, 2004, 2014 என்று தனி ஆல்பங்கள். 'நியூ ஃபார்ம்ஸ்' உயரத்தை இவை எட்டவில்லை, ஒப்புக்கொள்கிறேன். 'இன் த மோட்' சில இடங்களில் விருந்தாளிகளுக்கு அதிகமாகவே வழிவிடுகிறது. ஆனால் ஒரு வகை இசையின் நடையையே திருப்பிவிட்டவர், அடுத்த பத்துப் பதினைந்து வருடங்கள் அதிலேயே வேலை செய்துகொண்டிருந்தால் அதற்குப் பெயர் மங்குவது அல்ல. விருது வாங்காத வருடங்களையெல்லாம் வீழ்ச்சிக் கணக்கில் எழுதும் பழக்கம் நம் சினிமா பத்திரிகைகளிலிருந்து வந்த தொற்று என்று தோன்றுகிறது.

கடைசியாக ஒரு சின்னக் குறை. கட்டுரையோடு வந்த படத்தில் ரெப்ரசென்ட் குழுவே நிற்கிறது, கீழே "ரோனி சைஸ்" என்று மட்டும் போட்டிருக்கிறீர்கள். அடுத்த இதழில் திருத்தம் வெளியிடுவதாக இருந்தால் எல்லோர் பெயரையும் போடுங்கள். க்ரஸ்ட்டைப் பற்றித் தனியாக ஒரு கட்டுரை வந்தாலும் மகிழ்ச்சி.

இப்படிக்கு,
வாசகர், மதுரை