எச்சில் தொட்ட விரல்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கடந்த ஞாயிறு இணைப்பில் குழந்தை வளர்ப்பு பற்றி வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். நன்றாகத்தான் இருந்தது. ஆனால், ‘பிறந்த சில நாட்களிலேயே, நாம் நாக்கை நீட்டினால் குழந்தையும் நீட்டும்’ என்ற வரியை அவ்வளவு அடித்துச் சொல்லியிருக்க வேண்டாம்.

நான் அரசுப் பேருந்தில் நடத்துநராக இருந்து ஓய்வு பெற்றவன். எனக்கு எப்படித் தெரியும் என்றால், மகள் கல்லூரியில் உளவியல் பாடம் எடுக்கிறாள். பேத்தி பிறந்து மூன்றாவது வாரம், அவள் சொல்லி நானும் தொட்டில் பக்கத்தில் உட்கார்ந்து நாக்கை நீட்டி நீட்டிக் காட்டினேன். பேத்தி கொட்டாவி விட்டாள். “1977-ல மெல்ட்ஸாஃப், மூர்னு ரெண்டு பேர் அமெரிக்காவுல சொன்னதுப்பா அது. 2016-ல ஆஸ்திரேலியாவுல 106 குழந்தைகளை ஒன்பது வாரம் வரைக்கும் பார்த்தாங்க, அப்படி ஒண்ணும் தெரியலை” என்று மகள் அப்புறம்தான் சொன்னாள். முதலிலேயே சொல்லியிருந்தால் என் கழுத்து வலி மிச்சம்.

இப்போது பேத்திக்கு 14 மாதம். இப்போது அவள் செய்வதைப் பார்க்க ஆராய்ச்சிக்கூடம் தேவையில்லை. உட்காரும்போது என்னைப் போலவே முழங்காலில் கை வைத்து, ‘ப்பா...டா’ என்கிறாள். மூட்டு வலி எனக்குத்தானே, அவளுக்கு என்ன? சோப்பு டப்பாவைக் காதில் வைத்து, இன்னொரு கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு கூடத்தில் நடக்கிறாள். அது என் மருமகன். அவளுக்கென்று வாங்கிய விளையாட்டுப் போன், பட்டன் அமுக்கினால் பாட்டுப் பாடும், மூலையில் கிடக்கிறது. எங்கள் வீட்டில் யாரும் பட்டன் வைத்த போனில் பேசுவதில்லை, அதனால் அது அவளுக்குப் போனே இல்லை போலிருக்கிறது.

அடுத்தது நாளிதழ். டிக்கெட் கிழித்த காலத்தில் விரலை எச்சிலில் தொட்டுத் தொட்டு எனக்குப் பழக்கமாகிவிட்டது. பயணிகள் முகம் சுளிப்பார்கள், ஒருவர் சண்டையே போட்டிருக்கிறார். டிக்கெட் மெஷின் வந்த பிறகும் விரல் தன்னால் நாக்குக்குப் போகும். ஓய்வு பெற்ற பின் உங்கள் நாளிதழைத்தான் அப்படிப் புரட்டுகிறேன். போன மாதம் பேத்தி என் பக்கத்தில் உட்கார்ந்து, விரலை நாக்கில் வைத்து, விளம்பரத் தாளைப் புரட்டினாள்.

இதைச் சொன்னதும் மகள் 2002-இல் வெளியான ஓர் ஆய்வைச் சொன்னாள். கெர்கேய் என்ற ஹங்கேரிக்காரரும் கூட இருந்தவர்களும் செய்தது. மேசை மேல் இருக்கும் ஒரு விளக்கை ஒரு பெண் நெற்றியால் முட்டி எரிய வைக்கிறாள். அவள் குளிருக்குப் போர்வை போர்த்தி அதைக் கைகளால் பிடித்திருந்தால், பார்த்த 14 மாதக் குழந்தைகளில் 21 சதவீதம்தான் நெற்றியால் முட்டின. மற்றவை கையாலேயே தட்டின. கை சும்மா இருந்தும் அவள் நெற்றியால் முட்டினாள் என்றால், 69 சதவீதக் குழந்தைகள் அவளைப் போலவே முட்டின. கை இருந்தும் இப்படிச் செய்கிறாளே, இதில் ஏதோ விஷயம் இருக்கிறது என்று குழந்தை எடுத்துக்கொள்கிறது என்பது அவர்கள் விளக்கம்.

எனக்கு உடனே என் மனைவி நினைவுக்கு வந்தாள். இரண்டு கையிலும் குடத்தோடு வரும்போது கதவை முதுகால் தள்ளுவாள். பேத்தி ஒரு நாளும் முதுகால் தள்ளியதில்லை, கையால்தான் தள்ளுகிறாள். ஆனால் என் எச்சில் விரலைப் பிடித்துக்கொண்டாள். கை சும்மா இருக்கும் கிழவன் வேலை மெனக்கெட்டுச் செய்கிறானே என்று நினைத்திருப்பாள்.

கட்டுரையாளர், தினமும் அரை மணி நேரம் ஒதுக்கிச் சொல்லிக்கொடுங்கள் என்கிறார். ஒதுக்கட்டும். எங்கள் வீட்டில் அந்த அரை மணியில் பேத்தி கற்றது காக்கா எப்படிக் கத்தும் என்பது மட்டும். போன் நடை, அப்பாடா, எச்சில் எல்லாம் மற்ற நேரத்தில் வந்தவை. அதைப் பற்றியும் ஒரு கட்டுரை போடுங்கள்.

ஒரு மாதமாக வெறும் விரலால் புரட்டிப் பார்க்கிறேன். தாள் ஒட்டிக்கொள்கிறது. நேற்று நான் தடவிக்கொண்டிருந்ததைப் பார்த்துவிட்டு, பேத்தி தன் விரலை நக்கி எனக்குப் புரட்டிக் கொடுத்தாள். தலையங்கப் பக்கம் பாதியாகக் கிழிந்துவிட்டது. பக்கத்து வீட்டில் வாங்கித்தான் படித்தேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற நடத்துநர் ஒருவர்,
கும்பகோணம்.